நீந்தினால் தோள் வலிக்கிறதா? குளத்தை விட்டுவிடாமல் சரிசெய்யும் வழி

பெங்களூரில் மார்ச் பிறந்ததும் குளங்களில் கூட்டம் ஏறிவிடும். அல்சூர் ஏரிப் பக்கத்து மாநகராட்சிக் குளம், சதாசிவநகர் கே.சி. ரெட்டி குளம், ஜெயநகர், பசவனகுடி, எங்கே போனாலும் காலை பேட்ச்சில் புது முகங்கள். குளிர் மாதங்களில் தண்ணீர்ப் பக்கமே வராதவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு கிலோமீட்டர், அடுத்த வாரம் இரண்டு என்று ஏற்றிவிட்டு, ஏப்ரல் நடுவில் குளக்கரையில் உட்கார்ந்து ஒரு கையால் மறு தோளைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கேட்டால் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "டாக்டர் ரெண்டு மாசம் குளத்துப் பக்கமே போகாதேன்னுட்டார்", இல்லையென்றால் "நீந்த நீந்தத் தானா விட்டுடும்னு சொல்றாங்க". இந்த இரண்டிலும் பெரும்பாலானோருக்குத் தோள் சரியாவதில்லை. முழு ஓய்வில் வலி அடங்கும், ஆனால் தோளுக்குப் பலம் கூடாது, மறுபடி இறங்கிச் சில நாளிலேயே அதே இடம் பிடித்துக்கொள்ளும். வலியோடு வம்படியாக நீந்தினாலோ ஒரு மாதத்தில் தீரவேண்டியது ஒரு வருஷம் இழுக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. நீந்தும் அளவைக் குறைத்து, நீந்தும் விதத்தைத் திருத்தி, தரையில் தோளைப் பலப்படுத்துவது. மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும், ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் அரைகுறையாகிவிடும்.

ஏன் தோள்?

உடம்பிலேயே அதிகமாகச் சுழலக்கூடிய மூட்டு தோள்தான். அதற்கு விலை, அந்த மூட்டின் கிண்ணம் ஆழமே இல்லாமல் இருப்பது. மேல்கை எலும்பின் உருண்டைத் தலையை அந்தக் கிண்ணத்தின் நடுவில் பிடித்துவைப்பது ரொட்டேட்டர் கஃப் என்கிற நான்கு சின்னத் தசைகளும், அவற்றை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும். நீச்சலில் இவற்றுக்கு எவ்வளவு வேலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மீட்டர் குளத்தில் ஒரு லெங்த்துக்கு 20 கைவீச்சு என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 40 லெங்த், 800 வீச்சு, ஒரு தோளுக்கு 400. வாரம் நான்கு நாள், நாளுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நீந்துகிறவரின் ஒவ்வொரு தோளும் வாரத்துக்கு 2,400 முறை தலைக்கு மேலே போய்த் தண்ணீரை இழுத்து வருகிறது. ஃப்ரீஸ்டைலில் உடம்பை முன்னே நகர்த்தும் வேலையில் பெரும்பங்கு கைகளுடையது, கால்களுடையது அல்ல.

கென்னடி, ஹாக்கின்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1974-லேயே இப்படி வரும் வலிக்கு 'நீச்சல்காரர் தோள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்போது எலும்புக்கும் தசைநாணுக்கும் இடையே உரசல் என்றுதான் முக்கியமாகப் பேசினார்கள். இப்போதைய புரிதல் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2010-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் உயர்மட்டப் போட்டிகளில் நீந்தும் 80 இளைஞர்களைக் கேட்டபோது 73 பேர் தோள் வலி இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் எம்ஆர்ஐ எடுத்த 52 பேரில் 36 பேருக்கு நான்கு தசைகளில் மேலே இருக்கிற சூப்ராஸ்பைனேட்டஸின் தசைநாண் பாதிக்கப்பட்டிருந்தது. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நீந்துகிறார்கள் என்பதோடுதான் அது ஒட்டிப் போனது. அவர்கள் போட்டிக்காக நிறைய நீந்துகிறவர்கள், நாம் வாரத்துக்கு ஆறு கிலோமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். பத்து மணி நேரம் நாற்காலியில் கூனி உட்காரும் ஒரு சாஃப்ட்வேர் ஆளின் தோளுக்கு, திடீரென்று வந்த ஆறு கிலோமீட்டரே தாங்க முடியாத சுமைதான்.

முதலில் இது எந்த வலி என்று பாருங்கள்

நீந்திய மறுநாள் இரண்டு தோளிலும், முதுகின் மேல்பக்கத்திலும் பரவலாக ஒரு சோர்வு வலி, ஒன்றிரண்டு நாளில் போய்விடுகிறது என்றால் அது தசை உழைத்த வலி, பயப்பட வேண்டாம். ஒரே தோளில், முன்பக்கமோ வெளிப்பக்கமோ, கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது பாதி வழியில் சுருக்கென்று பிடித்து மேலே போனதும் விட்டுவிடுகிறது, தண்ணீரில் கையை நுழைத்து இழுக்க ஆரம்பிக்கும் இடத்தில் குத்துகிறது என்றால் பெரும்பாலும் தசைநாண் விவகாரம். இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றியது.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், அதிலும் சர்க்கரை உள்ளவர்கள், இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி, தொண்ணூறு டிகிரி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். அடுத்தவர் பிடித்து மெதுவாகத் திருப்பினாலும் போகாமல் இறுகி நிற்கிறதா? அது ஃப்ரோசன் ஷோல்டராக, அதாவது மூட்டே இறுகிப்போகும் நோயாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு அது சாதாரணமாகவே அதிகம் வரும். அதற்கான வைத்தியம் வேறு, கீழே சொல்லும் பயிற்சிகளை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

சில அறிகுறிகள் இருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்: கையைத் தூக்கவே முடியாத பலவீனம், விழுந்தோ இழுபட்டோ 'டப்' என்ற உணர்வோடு தொடங்கிய வலி, தோள் கழன்று திரும்பச் சேர்ந்தது போன்ற உணர்வு, கை விரல் வரை மரமரப்பு, காய்ச்சலோடு வீக்கம், அசையாமல் படுத்திருந்தாலும் இரவெல்லாம் தூங்கவிடாத வலி. அப்புறம் மிக முக்கியமானது, இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்குதல் வந்தால் அதைத் தோள் பிரச்சினை என்று நினைத்து உட்கார்ந்திருக்கக் கூடாது. ஜெயதேவா இதய மருத்துவமனையோ பக்கத்தில் இருக்கிற வேறு பெரிய மருத்துவமனையோ, அவசரப் பிரிவுக்கு அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும்.

முதல் இரண்டு வாரம்

வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மனதுக்குள் அளந்துகொள்ளுங்கள். நீந்தும்போது இரண்டு, மூன்று வரை இருந்து, மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் நீங்கள் செய்த அளவு தாங்கக்கூடியது. மூன்றைத் தாண்டினால், அல்லது மறுநாள் சட்டை மாட்டும்போது முந்தைய நாளைவிட அதிகம் வலித்தால், அளவு கூடிவிட்டது. இந்த ஒரு விதியைக் கறாராகப் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது என்பேன். குளத்தில் இருக்கும்போது தண்ணீரும் உற்சாகமும் வலியை மறைத்துவிடும், மறுநாள் காலைதான் உண்மையைச் சொல்லும்.

தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள், பாதியிலும் வலித்தால் அதிலும் பாதி. பட்டர்ஃபிளையை நிறுத்துங்கள். கையில் மாட்டும் பேடிலைப் பையிலிருந்தே எடுத்து வீட்டில் வையுங்கள், அது ஒவ்வொரு இழுப்பிலும் தோளுக்குச் சுமையைக் கூட்டும். தொடைகளுக்கு நடுவே வைக்கும் மிதவையான புல் பாயும் வேண்டாம், கால் வேலையை நிறுத்தி எல்லாவற்றையும் கைமேல் போடுகிற சாமான் அது. கை வலிக்கிறதென்று கிக்போர்டைப் பிடித்துக்கொண்டு கால் மட்டும் அடிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். கைகளை நீட்டி போர்டின் மேல் அழுத்திவைக்கும் அந்த நிலையே வலிக்கிற தோளுக்கு ஆகாது. அதற்குப் பதில் மல்லாந்து படுத்து, கைகள் தொடையோடு ஒட்டியிருக்கக் கால் அடியுங்கள். ஃபின்ஸ் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், கால்கள் தள்ளும்போது தோளின் பாரம் குறையும், உடம்பும் மட்டமாக மிதக்கும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக் பலருக்குத் தோளில் வலிக்காது, கை தலைக்குமேல் சுழல வேண்டியதில்லை என்பதால். ஆனால் முழங்காலில் பிரச்சினை இருப்பவர்கள் அதையே மணிக்கணக்கில் செய்யாதீர்கள்.

ஐஸ் வைப்பது வலியைக் கொஞ்ச நேரம் மரக்கடிக்கும், தசைநாணைக் குணப்படுத்தாது. துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் சுகமாக இருக்கிறதா, வையுங்கள். வலி மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பு. நீந்தப் போகுமுன் மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கவே கூடாது, எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் ஒரே அடையாளத்தை அது அழித்துவிடும். டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கக்கூடியவை, மருத்துவர் சொல்லாமல் நாள்கணக்கில் விழுங்காதீர்கள். இன்னொன்று, இந்த ஊரில் தெருவுக்குத் தெரு புத்தூர் கட்டு போர்டு தெரியும், வீட்டுப் பெரியவர்களும் அங்கேதான் அனுப்புவார்கள். தசைநாண் வலிக்கு மூட்டைக் கட்டிப்போடக் கூடாது. அசையாமல் வாரக்கணக்கில் வைத்தால் தோள் இறுகிப்போய், இருந்த ஒரு பிரச்சினை இரண்டாகிவிடும்.

நீந்தும் விதம்

ஆள் நீந்துவதைப் பார்த்தாலே எந்தத் தோள் வலிக்கும் என்று ஊகிக்க முடிகிற அளவுக்குச் சில தவறுகள் திரும்பத் திரும்ப வரும். ஃப்ரீஸ்டைலில் கட்டைவிரல் முதலில் தண்ணீரில் நுழைவது ஒன்று. பழைய முறையில் பலருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி நுழையும்போது மேல்கை உள்பக்கமாக முறுக்கிக்கொள்கிறது, முறுக்கிய நிலையில் தலைக்கு மேல் பாரம் ஏறும்போது தசைநாண் நசுங்குகிறது. விரல் நுனிகள் முதலில், உள்ளங்கை கீழே பார்க்க, தோளுக்கு நேர் முன்னே நுழையட்டும்.

அடுத்தது கை நடுக்கோட்டைத் தாண்டுவது. வலது கை தலைக்கு முன்னால் இடது பக்கம் போய் விழுகிறது, அங்கிருந்து இழுக்க ஆரம்பிக்கும்போது தோள் மிக மோசமான கோணத்தில் மாட்டிக்கொள்கிறது. இதை நீந்துகிறவரால் உணரவே முடியாது, நேராகப் போடுவதாகத்தான் தோன்றும். திருத்துவதற்கு, கைகளை ரொம்பவே அகலமாக, கடிகாரத்தில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் முள் நிற்கும் திசையில், வைப்பதாக நினைத்துக்கொண்டு நீந்துங்கள். அப்போதுதான் உண்மையில் நேராக விழும்.

மூன்றாவது, நுழைந்ததும் நேர்க்கையால் தண்ணீரைக் கீழே அமுக்குவது. தலை தூக்கி மூச்சு வாங்க ஒரு பிடிமானம் வேண்டும் என்று உடம்பு தேடும்போது இது வருகிறது. முழு நீளக் கையை வைத்து அமுக்கினால் மொத்த அழுத்தமும் தோளில் இறங்கும், அதோடு உடம்பு மேலே போகுமே தவிர முன்னே போகாது. முழங்கை உயரமாக இருக்க, முன்கை மடங்கிச் செங்குத்தாகி, உள்ளங்கை பின்பக்கம் பார்த்துத் தள்ள வேண்டும். இதற்கு அடிப்படை உடம்பு உருளுவது. மார்பு தட்டையாகத் தண்ணீரில் கிடக்கக் கையை மட்டும் சுழற்றுகிறவருக்குத் தோள்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருக்கும். இடுப்பும் மார்பும் இரண்டு பக்கமும் உருண்டால் கை தானாக வெளியே வரும், முதுகின் பெரிய தசைகளும் வேலைக்கு வரும். எப்போதும் ஒரே பக்கம் மூச்சு வாங்குகிறவர்கள் ஒரு பக்கம் மட்டுமே உருளுகிறார்கள். மறுபக்கமும் பழகுங்கள், மூன்று வீச்சுக்கு ஒருமுறை மூச்சு கஷ்டமென்றால் போகும்போது வலது, வரும்போது இடது என்று வைத்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் உங்களிடம் இருக்கிறதா என்று தெரிய வீடியோ எடுத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. பொதுக் குளங்களில் பெண்களும் குழந்தைகளும் இருப்பதால் போனுக்குத் தடை இருக்கும், அது சரியும்தான். கோச்சிடமோ லைஃப் கார்டிடமோ அனுமதி கேட்டு, பேட்ச் முடிந்து லேன் காலியானதும் நண்பர் ஒருவரை எதிர்ப்பக்கம் நிற்கவைத்து முன்னாலிருந்து ஒரு லெங்த் எடுத்தால் போதும். கோடை பேட்ச்சின் நெரிசலில் ஸ்டைலைத் திருத்த முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் போகிறவர் காலை இடிக்காமலிருக்கத் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே நீந்தும்போது எல்லாத் தவறும் திரும்ப வரும். முடிந்தால் வார நாளில் பகல் பேட்ச்சுக்கு மாறுங்கள்.

தரையில் செய்ய வேண்டியது

நீந்துவது மார்புத் தசைகளையும், கையை உள்பக்கம் திருப்பும் தசைகளையும் பலமாக்கிக்கொண்டே போகும். வெளிப்பக்கம் திருப்பும் தசைகளும், முதுகில் தோள்பட்டை எலும்பைப் பிடித்துவைக்கும் தசைகளும் பின்தங்கிவிடும். அவற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஒரு தெராபேண்ட் (இழுத்தால் நீளும் ரப்பர் பட்டை) போதும், ஜிம் வேண்டாம்.

பேண்டின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று, ஜன்னலுக்கு அப்பாலிருக்கும் கையால் மறுமுனையைப் பிடித்து, முழங்கையைத் தொண்ணூறு டிகிரி மடக்கி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு சுருட்டிய துண்டை வைத்து, முன்கையை மெதுவாக வெளியே திருப்புங்கள், திரும்ப வரும்போது இன்னும் மெதுவாக. துண்டு விழுந்தால் தவறாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். அடுத்து பேண்டைக் கம்பியைச் சுற்றிப் போட்டு, ஆளுக்கொரு முனையாக இரண்டு கையிலும் பிடித்து, முழங்கைகளைப் பின்னால் இழுத்து, தோள்பட்டை எலும்புகளைப் பின்னாலும் கீழேயும் சேர்ப்பது. தோள்கள் காதுப் பக்கம் ஏறக் கூடாது. மூன்றாவது, சுவரில் கை ஊன்றிச் சாதாரணமாகத் தண்டால் எடுத்து, கை நேரானதும் நிறுத்தாமல், சுவரை இன்னும் ஒரு அங்குலம் தள்ளி மேல்முதுகைக் கொஞ்சம் வளைப்பது. பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஆனால் விலாவோரம் இருக்கிற செரேட்டஸ் தசைக்கு இதைவிட எளிய பயிற்சி இல்லை, கை மேலே போகும்போது தோள்பட்டை எலும்பைச் சரியாகச் சுழற்றிக்கொடுப்பதில் அந்தத் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒவ்வொன்றும் பன்னிரண்டு முதல் பதினைந்து தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமாகிவிட்டால் கெட்டியான பேண்டுக்கு மாறுங்கள்.

தசைநாண் மெதுவாகத்தான் தேறும். ஆறு வாரத்தில் வித்தியாசம் தெரியும், மூன்று மாதம் வரை விடாமல் செய்ய வேண்டியிருக்கும். முதல் பத்து நாளில் வலி போய்விட்டது என்று பேண்டை மடித்துவைத்துவிடாதீர்கள்.

ஸ்ட்ரெச்சிங் பற்றி ஒரு வார்த்தை. குளக்கரையில் ஒருவர் உட்கார, பின்னால் நின்று இன்னொருவர் அவருடைய இரண்டு கைகளையும் முதுகுப் பக்கம் இழுத்துச் சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். நீச்சல்காரர்களின் தோள் ஏற்கனவே தளர்வானது, அப்படி இழுப்பது மூட்டின் முன்பக்கத்தை மேலும் தளர்த்திவிடும். இறுகியிருப்பது பெரும்பாலும் மேல்முதுகுதான். ஒரு துண்டைச் சுருட்டி முதுகின் நடுவே குறுக்காக வைத்துப் படுத்து, கைகளை விரித்து இரண்டு நிமிடம் கிடந்தாலே மார்பு விரியும்.

பேட்ச் நேரம் குறைவு என்று எல்லோரும் வந்த வேகத்தில் குதிக்கிறார்கள். பத்து நிமிடம் முன்னே வந்து பேண்டில் ஒரு சுற்று செய்துவிட்டு இறங்குங்கள், முதல் 200 மீட்டர் மெதுவாகப் போகட்டும். டிசம்பர், ஜனவரிக் காலைகளில் வெந்நீர் வசதி இல்லாத குளத்தில் இது இன்னும் அவசியம்.

மற்ற இருபத்து மூன்று மணி நேரமும் தோளைப் பாதிக்கும். வலிக்கிற பக்கம் படுக்காதீர்கள், மறுபக்கம் படுத்து ஒரு தலையணையை அணைத்துக்கொண்டால் கை தொங்காது. லேப்டாப் பையை ஒரே தோளில் மாட்டாமல் முதுகில் போடுங்கள். சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் பைக் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துவிட்டு நேராகக் குளத்துக்குப் போவதென்றால், அன்றைக்குக் கொஞ்சம் குறைத்தே நீந்துங்கள்.

யாரிடம் போவது

அளவைக் குறைத்து ஒழுங்காகச் செய்தும் மூன்று, நான்கு வாரத்தில் முன்னேற்றமே இல்லையென்றால் காட்டிவிடுங்கள். ஜெயநகரில் எலும்பு, மூட்டுக்கென்றே இருக்கிற அரசின் சஞ்சய் காந்தி மருத்துவமனை உண்டு, சிவாஜிநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு பௌரிங் அரசு மருத்துவமனை கிட்டே. தனியாரிடம் போனால் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோவாகத் தேடுங்கள். நல்ல பிசியோ உங்கள் கையை அசைத்துப் பார்ப்பார், எவ்வளவு நீந்துகிறீர்கள், எந்த இடத்தில் வலிக்கிறது என்று கேட்பார். மெஷினை வைத்துப் பதினைந்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிற இடத்தில் பணம் செலவழிக்காதீர்கள். எடுத்தவுடன் எம்ஆர்ஐ எடுக்க வேண்டியதும் இல்லை. வலியே இல்லாதவர்களின் தோளிலும் ஸ்கேனில் மாற்றங்கள் தெரியும், ரிப்போர்ட்டில் 'கிழிசல்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் அறுவை சிகிச்சைதான் என்று கலங்க வேண்டாம். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிம்மதி தரும், அந்த நிம்மதியைப் பயிற்சி செய்யப் பயன்படுத்தினால் சரி, உடனே பழைய தூரத்தை நீந்தப் பயன்படுத்தினால் கெடுதல்.

திரும்ப ஏற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். முதலில் நாட்கள், அப்புறம் தூரம், அப்புறம் வேகம், பட்டர்ஃபிளையும் பேடிலும் கடைசி. கூட்டியதும் ஒரு வாரம் அதிலேயே இருந்து மறுநாள் காலையைக் கவனியுங்கள்.

பிள்ளைகளைக் குளத்துக்கு அனுப்பும் அப்பா அம்மாக்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்ஸில் நீந்த இந்த ஊரிலிருந்து நிஷா மில்லெட் 2000-ல் சிட்னிக்குப் போனார், ஸ்ரீஹரி நடராஜ் டோக்கியோவுக்கும் பாரிசுக்கும் போனார், 2024 பாரிசில் நீந்தியபோது தினிதி தேசிங்குவுக்கு வயது 14. அதைப் பார்த்துக் காலையும் மாலையும் பயிற்சிக்கு ஓடும் பிள்ளைகள் நிறைய. மகிழ்ச்சிதான். ஆனால் டீமிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் வலியை வெளியே சொல்லாத பிள்ளைகளும் அதே அளவுக்கு இருக்கிறார்கள். ஸ்கூல் பையை மாட்டும்போது முகம் சுளிக்கிறதா, தலை வாரும்போது கையை மாற்றுகிறதா என்று பாருங்கள். "வலிக்குதாடா?" என்று கேட்டால் இல்லையென்றுதான் சொல்லும், "எந்த ஸ்ட்ரோக்ல, எந்த இடத்துல வலிக்குது?" என்று கேளுங்கள். தெரிந்ததும் கோச்சிடம் நீங்களே நேரில் போய், தூரத்தைப் பாதியாக்கிக் கால் பயிற்சியைக் கூட்டச் சொல்லுங்கள். அடுத்த போட்டி இரண்டு வாரத்தில் இருந்தாலும் சரி.